பிடி சரியில்லை

இப்போதெல்லாம் யாரும் பொருளைப் பார்ப்பதில்லை. பொருள் மேல் என்ன ஒட்டியிருக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். செருப்பு வாங்கப் போனால் காலில் போட்டு நாலு எட்டு நடந்து பார்ப்பது போய், அடியில் ஒட்டின தாளைப் படித்துவிட்டு "நல்ல செருப்பு" என்று வாங்கி வருகிறார்கள். அப்புறம் கடிக்கிறது கடிக்கிறது என்று நொண்டுகிறார்கள். தாளா வந்து கடிக்கப் போகிறது? மனிதர்கள் விஷயத்திலும் இதே கதைதான். எங்கள் ஆலை வாசலில் நிற்கிற காவலாளிக்கு என்னை முடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து தெரியும். அட்டையை மறந்துவிட்டு வந்தேன் என்று ஒருநாள் வெயிலில் நிறுத்திவிட்டான். "நீங்கதான்னு எனக்குத் தெரியும் பெருசு. ஆனா நீங்கதான்னு அட்டை சொல்லணும்" என்கிறான். இவனை என்ன செய்வது?

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு ஸ்டிக்கரால் என் வீட்டில் இரண்டு பேருக்கு வேலை போக இருந்தது.

எங்கள் ஆலையில் வேட்டைக் கத்தி செய்கிறோம். இடுப்பில் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போகிறவர்களுக்கானது. கத்தி ஒரு கொட்டகையில் தயாராகும், தோல் உறை எதிர்க் கொட்டகையில். நடுவில் ஒரு லாரி திரும்புகிற அளவுக்கு முற்றம். நான் ரொம்ப காலம் சாணையில் நின்றவன். கை நடுங்க ஆரம்பித்ததும் பேக்கிங்கில் உட்கார வைத்துவிட்டார்கள். கத்தியை எண்ணெய்த் துணியால் துடைத்து, தாளில் சுற்றி, அட்டைப் பெட்டியில் ஒரு பக்கமாக வைப்பேன். உறையை இன்னொரு பக்கம் வைப்பேன். செருகி அனுப்பக் கூடாது. தோலுக்குள்ளேயே கிடந்தால் இரும்பு துருப்பிடித்துவிடும். மூடி போட்டு டேப் ஒட்டினால் என் வேலை முடிந்தது.

கத்திக்குக் கைப்பிடி போடுவது என் மாப்பிள்ளை. மரத்தைச் செதுக்கி, பசை தடவி, ரிவெட் ஆணி அடித்து, தேய்த்து வழவழப்பாக்கி அனுப்ப வேண்டும். ஆலையில் அவனுக்குப் பிசின் என்று பட்டப்பேர். பசை வேலை செய்வதால் வந்த பேர் என்று அவன் சொல்லிக்கொள்வான். கல்யாணம் ஆனதிலிருந்து என் வீட்டிலேயே ஒட்டிக்கொண்டு இருப்பதால் வந்த பேர் என்று மற்ற எல்லோருக்கும் தெரியும். முகத்துக்கு நேரே "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க" என்றுதான் பேசுவேன். மரியாதையில் குறை வைத்ததில்லை. மனசுக்குள் எப்போதும் "அவன்"தான்.

என் மகள் எதிர்க் கொட்டகையில் உறை தைக்கிறாள். ஆக, காலையில் ஒரே வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று பேர் கிளம்புவோம். ஒருத்தர் கத்திக்கு, ஒருத்தர் உறைக்கு, ஒருத்தர் பெட்டிக்கு.

போன வருஷம் தரம் பார்ப்பதற்கென்று ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். படித்த பெண். ஸ்டிக்கர் சுருளை வளையல் மாதிரி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டுதான் நடப்பாள். ஸ்டிக்கர் மேடம் என்று பேர் வைத்துவிட்டார்கள். அவள் வந்த பிறகு ஒவ்வொரு உறையையும் மூன்று பேர் பார்க்க வேண்டும் என்று ஆயிற்று. தையலுக்குப் பச்சை, அளவுக்கு மஞ்சள், இறுக்கத்துக்கு நீலம். இறுக்கம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் உறையில் பட்டன் வைத்த வார் கிடையாது. தோலே கத்தியைக் கவ்விக்கொள்ள வேண்டும். குனிந்தாலும் ஓடினாலும் விழக் கூடாது, இழுத்தால் வர வேண்டும். அதற்குத்தான் ஆலையில் இறுக்கம் என்கிற சொல். மூன்று பேருமே கத்தியைச் செருகுவார்கள், உருவுவார்கள், மறுபடி செருகுவார்கள், காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார்கள். பிறகு ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அழகாக இருப்பதை நான் சீக்கிரம் நம்புகிறவன் இல்லை.

அப்படி இருக்கும்போது ஒருநாள் லாரி நிறையப் பெட்டிகள் திரும்பி வந்தன.

லாரிக்காரன் சிரித்துக்கொண்டே இறக்கினான். அவன் எப்போதும் சிரிப்பான். பஞ்சரானாலும் சிரிப்பான். காரணமில்லாமல் சிரிக்கிறவன் மேல் எனக்கு ஒரு கண் உண்டு. பெட்டிகளை எடுத்துப் பார்த்தேன். நிறையப் பெட்டிகளின் அடிப்பக்கம் நெளிந்து, அலை அலையாக உப்பியிருந்தது.

"தார்ப்பாய் போட்டியா இல்லையா?" என்றேன்.

"மழையே இல்லையே பெருசு. எதுக்குத் தார்ப்பாய்?"

"அப்ப இது என்ன? பெட்டி அழுதுச்சா?"

"உங்க மூஞ்சியைப் பார்த்து அழுதிருக்கும்" என்று அதற்கும் சிரித்தான்.

அதற்குள் முதலாளி முற்றத்துக்கு வந்துவிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் போனில் யாராவது திட்டினால் அந்தத் திட்டை அப்படியே சூடு ஆறாமல் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிட வேண்டும் அவருக்கு. "பிடி சரியில்லையாம்! பிடியே இல்லைன்னு மொத்தக் கடைக்காரர் கத்துறாரு. எவன்யா பிடி போட்டவன்? கூப்பிடு அவனை!"

பிடி போட்டவன் யார் என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வந்த கோபத்தை எங்கே கொட்டுவது என்று தெரியாமல், நெளிந்த பெட்டிகளை எண்ணி அடுக்குவது போலக் குனிந்துகொண்டேன்.

மாப்பிள்ளை கை நிறையப் பசையோடு ஓடி வந்தான். "சார், என் பிடி அசையாது சார். யானை இழுத்தாலும்..."

"யானையா கத்தி வாங்குது? வாங்கறவன் மனுஷன்! இன்னொரு தடவை இந்தப் புகார் வந்துச்சுன்னா நீ வீட்டோட இருந்துக்க. உன் வேலையைச் செய்ய மெஷின் வந்திருச்சு, நான்தான் வாங்காம இருக்கேன்."

அன்று சாயங்காலம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். மகள் தட்டை வைத்த சத்தத்திலேயே அவள் யார் பக்கம் என்று தெரிந்தது.

"பசை கலக்கும்போது பாட்டு கேக்கறாராம் மாப்பிள்ளை. காதுல மாட்டிக்கிட்டு" என்றேன், பொதுவாக, சுவரைப் பார்த்து.

"அப்பா, காதுல கேட்டா கையில எப்படிப்பா கெட்டுப்போகும்?"

"கவனம்னு ஒண்ணு இருக்குல்ல."

"மாமா, நான் கலக்குன பசை பிடிக்கலைன்னா நான் மோதிரத்தைக் கழட்டி வைச்சிர்றேன்" என்றான் அவன்.

"மோதிரத்தை நான்தானே போட்டேன். கழட்டி வைச்சாலும் என் வீட்டுலதான் இருக்கும்" என்றேன்.

மகள் எழுந்துவிட்டாள். "திரும்பி வந்த கத்தியில ஒண்ணையாவது கையில எடுத்துப் பாத்தீங்களா? பாக்காம பேசுறவங்களைத் திட்டுறதுதானே உங்களுக்கு முழுநேர வேலை. நீங்க பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அதை ஒத்துக்கொள்ளாமல் தண்ணீர் குடித்தேன்.

மறுநாள் காலை, திரும்பி வந்த கத்திகளில் கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு போய் வைஸ் கவ்வியில் இறுக்கிப் பூட்டினேன். பிடியைச் சுத்தியலால் தட்டினேன். அசையவில்லை. ஓங்கித் தட்டினேன். பக்கவாட்டில் நெம்பினேன். மரம் நசுங்கியதே தவிர இரும்பை விட்டு விலகவில்லை. அடுத்த கத்தியும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

ஸ்டிக்கர் மேடமும் அங்கே வந்து நின்றிருந்தாள். "நானும் இழுத்துப் பாத்தேங்கய்யா. தண்ணியில போட்டு, வெயில்ல வைச்சு, எல்லாம் பண்ணிட்டேன். பிடி நல்லாத்தான் இருக்கு. முதலாளிகிட்டயும் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"'வாங்கறவன் பிடி சரியில்லைங்கறான், நீ சரின்னா எனக்கு யாரு காசு கொடுக்கறது, நீயா'ன்னு கேட்டாரு."

ஆகவே முதலாளி சொன்னபடி பிடிக்கு இன்னும் இரண்டு ரிவெட் அடித்தார்கள், சுற்றிலும் பித்தளை வளையம் போட்டார்கள், கூடுதல் பசை வைத்தார்கள். கத்தி ஒரு சுற்று கனத்துவிட்டது. அடுத்த லாரி போயிற்று. சில நாள் கழித்து மறுபடி போன் வந்தது. முன்னைவிட மோசமாம். முன்னே குனிந்தால்தான் தொல்லையாக இருந்ததாம், இப்போது நடந்தாலே தொல்லையாம்.

'குனிந்தால்' என்ற சொல்லை அப்போதே யாராவது பிடித்திருக்கலாம். முதலாளி பிடிக்கவில்லை. அவருக்குப் பிடி என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது.

மாப்பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மெஷின்காரன் வந்து தளம் அளந்துவிட்டுப் போனான்.

ஸ்டிக்கர் மேடத்தை நான் இந்த இடத்தில் விட்டுக்கொடுக்க முடியாது. அவள்தான் முதலாளியோடு சண்டை போட்டு, மொத்தக் கடைக்காரரை நேரில் வரச் சொன்னாள். "போன்ல பேசுனா கத்தி எப்படி சார் தெரியும்? அவர் கையில பிடிச்சுக் காட்டட்டும்" என்றாளாம்.

கடைக்காரர் வந்தார். தடித்த மனிதர். எங்கள் கத்தியை எங்கள் உறையில் போட்டு இடுப்பிலேயே கட்டிக்கொண்டு வந்திருந்தார். முதலாளியின் அறைக்கு வெளியே எங்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். மாப்பிள்ளையையும் வரவழைத்திருந்தார்கள். கடைசி விசாரணை மாதிரி. முதலாளி அறையில் புதிதாக மரத்தளம் போட்டிருந்ததால் செருப்பை வெளியே விட வேண்டும். கடைக்காரர் ஷூ போட்டிருந்தார். கயிற்றை அவிழ்க்க மூச்சு வாங்கக் குனிந்தார்.

கத்தி உறையிலிருந்து நழுவி, தலைகீழாக இறங்கி, வாசற்படிக்கு அந்தப் பக்கம் புது மரத்தளத்தில் குத்தி நின்றது. உள்ளே நின்றிருந்த முதலாளியின் கால் கட்டைவிரலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு சீட்டுக்கட்டு வைக்கலாம், அவ்வளவுதான் இடைவெளி.

யாரும் அசையவில்லை. கத்தி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா?" என்றார் கடைக்காரர், குனிந்தபடியே. "இதைத்தானே நான் அன்னிக்கிலேருந்து சொல்றேன். பிடியே இல்லை!"

முதலாளி காலை மெல்ல இழுத்துக்கொண்டார். "நீங்க... நீங்க பிடின்னா..."

"உறையில பிடி இல்லைய்யா! கத்தியைப் பிடிக்கவே மாட்டேங்குது. ஒருத்தன் மரம் ஏறும்போது விழுந்து கீழே நின்னவன் தொப்பியைக் கிழிச்சிருக்கு. நான் பிடி பிடின்னு கத்துனா, நீங்க இந்தக் கைப்பிடிக்குப் பித்தளை வளையம் போட்டு அனுப்புறீங்க. அந்தக் கனத்துல இன்னும் வேகமா விழுது!"

ஆலையில் பிடி என்றால் கைப்பிடி. கவ்வுவதற்குப் பேர் இறுக்கம். கடைக்காரருக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? ஊரில் எல்லோரும் சொல்கிற மாதிரி அவர் சொன்னார். நாங்கள் ஆலைக்காரர்கள் கேட்கிற மாதிரி கேட்டோம்.

மாப்பிள்ளை பெருமூச்சு விட்டான். மரத்தளத்தில் குனிந்து கத்தியைப் பிடுங்கினான். பிடியைப் பிடித்துத்தான் பிடுங்கினான், இரண்டு கையாலும். பிடி அசையவில்லை. அதை எல்லோரும் பார்க்கும்படிதான் செய்தான். அந்த வித்தை எல்லாம் அவனுக்கு நன்றாக வரும்.

ஆனால் அந்தப் பெருமூச்சு முடிவதற்குள் முதலாளி அடுத்ததற்குப் போய்விட்டார். "அப்ப உறை! உறைத் தையல் யாரு?"

இந்தத் தடவை எல்லோரும் என்னைப் பார்க்கவில்லை, என் மகளைப் பார்த்தார்கள். திரும்பி வந்த உறைகள் எல்லாம் அவள் மெஷினில் தைத்தவைதான்.

"வாரக் கடைசிக்குள்ள காரணம் தெரியணும்" என்றார் முதலாளி. "தெரியலைன்னா தையல் முழுக்க வெளியாளுக்கு விட்டுருவேன். அந்தக் கொட்டகையைக் குடோனாக்கிக்கறேன்."

கடைக்காரர் ஷூவை மறுபடி மாட்ட நாற்காலி கேட்டார்.

எல்லோரும் உறைக் கொட்டகைக்குப் போனோம். அன்று ஸ்டிக்கர் ஒட்டி முடித்த உறைகளை எடுத்து ஸ்டிக்கர் மேடம் ஒவ்வொன்றாகக் கத்தி செருகித் தலைகீழாக உதறினாள். ஒன்றுகூட விழவில்லை. நானும் உதறினேன். விழவில்லை. பேக்கிங் மேஜையில் என் கையிலிருந்த உறைகளையும் கொண்டுவந்து உதறினோம். விழவில்லை.

"இங்க இருக்கற வரைக்கும் இறுக்கமா இருக்கு. அங்க போனா லூசாகுது" என்றாள் மேடம். அவள் நீல ஸ்டிக்கர் பொய் சொல்கிறதா, கடைக்காரர் பொய் சொல்கிறாரா என்று அவளுக்கே தெரியவில்லை.

எனக்குத் தெரிந்துவிட்டது. இங்கே இறுக்கம், அங்கே லூஸ். அப்படியென்றால் நடுவில் யார் இருக்கிறான்? சிரித்துக்கொண்டே லாரி ஓட்டுகிறவன். நல்ல உறையை எங்கேயோ விற்றுவிட்டு, மட்டமான உறையைப் பெட்டியில் போட்டு அனுப்புகிறான். நெளிந்த பெட்டி வேறு அதற்குச் சாட்சி. பிரித்து ஒட்டாமல் பெட்டி ஏன் நெளியும்?

இதை மகளிடம் சொன்னேன். "அப்பா, உறையில என் தையல் இருக்கு. என் தையலை எனக்குத் தெரியாதா? திரும்பி வந்ததும் நான் தைச்சதுதான்" என்றாள்.

"தையலைப் பாத்து அதே மாதிரி தைக்க ஆள் இல்லையா உலகத்துல?"

"என்னை மாதிரி கோணலாத் தைக்கவா? எவளும் காசு கொடுத்தாலும் தைக்க மாட்டா."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று பேக் செய்த பெட்டிகளில் ஒன்றை லாரியில் ஏற்றாமல் எடுத்து வைத்தேன். என் விரலில் மை தடவி டேப்பின் மேல் குறுக்கே ஒற்றினேன். பேக்கிங் அறையில் எனக்கென்று ஒரு இரும்பு அலமாரி உண்டு. அதில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பு நூலில் கட்டிக்கொண்டேன். லாரிக்காரன் கை படாத பெட்டி. வாரக் கடைசியில் எல்லோர் முன்னாலும் திறந்து, இறுக்கமான உறையை எடுத்து உதறிக் காட்டி, "இது என் பெட்டி, அது உன் பெட்டி, வித்தியாசம் பார்" என்று அவனைக் கேட்பது என் திட்டம். சொல்ல வேண்டிய வசனத்தைக்கூட யோசித்து வைத்திருந்தேன். மாப்பிள்ளையிடம் மட்டும் சொன்னேன், அதுவும் வேறு ஆள் கிடைக்காததால்.

"மாமா, பூட்டைத் திறந்து பாத்துக்கலாமா, ஒரு தடவை முன்னாடியே?" என்றான்.

"எதுக்கு? என் பெட்டியையே நான் சந்தேகப்படவா?"

அந்த நாள் வந்தது. முதலாளி, மேடம், மகள், மாப்பிள்ளை, உறை பார்க்கிற மூன்று பேர், எல்லோரும் பேக்கிங் அறையில். லாரிக்காரனையும் உள்ளே கூப்பிட்டேன். அவன் கை துடைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தான். என் விரல் மை அப்படியே இருந்தது. எல்லோருக்கும் காட்டினேன். டேப்பை அறுத்தேன். உறையை எடுத்தேன். கத்தியைச் செருகினேன். தலைகீழாகத் திருப்பினேன்.

உதறக்கூட வேண்டியிருக்கவில்லை. கத்தி பொத்தென்று மேஜையில் விழுந்தது.

"பெருசு, அலமாரிக்குள்ள நான் எப்ப லாரி ஓட்டுனேன்?" என்றான் லாரிக்காரன்.

சிரிப்பு எழுந்தது. முதலாளிகூடச் சிரித்தார். எனக்குக் காது சுட்டது. ஆனால் மேடம் சிரிக்கவில்லை. அவள் உறையைப் பார்க்கவில்லை, கத்தியைப் பார்க்கவில்லை. காலிப் பெட்டியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்திருந்தாள்.

"அய்யா, உங்க அலமாரியில தண்ணி ஒழுகுதா?"

"இரும்பு அலமாரிம்மா. எறும்புகூட வராது."

"அப்ப இது என்ன?"

பெட்டியின் அடி அலை அலையாக நெளிந்திருந்தது. திரும்பி வந்த பெட்டிகளில் நான் பார்த்த அதே நெளிவு. அதற்கு நடுவில் ஒரு கறை. கறையின் வடிவம் நீளமாக, ஒரு முனை கூராக, இன்னொரு முனை அகலமாக இருந்தது. உறையை வைத்துப் பார்த்தாள். அச்சு அசலாகப் பொருந்தியது.

மகள்தான் சொன்னாள். "தோல்லேருந்து வந்த தண்ணி. உள்ள ஈரம் இருந்திருக்கு."

"ஈரத் தோலையா அனுப்பறோம்?" என்றார் முதலாளி.

"முன்னெல்லாம் இல்லை சார். தைச்சு, ஊறவைச்சு, உள்ளே மரக்கத்தி செருகித் தொங்கவிட்டுருவோம். முழுசாக் காயற வரைக்கும் மரத்தை உருவ மாட்டோம். தோல் அந்த வடிவத்துலயே கெட்டியாயிடும். அப்புறம் மெழுகு பூசுவோம். இப்பத்தான்..." என்று நிறுத்திவிட்டு மேடத்தைப் பார்த்தாள்.

மேடம் தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டாள். ஸ்டிக்கர் சுருள் தொங்கியது.

"மெழுகு பூசின தோல்ல ஸ்டிக்கர் ஒட்ட மாட்டேங்குது" என்றாள், மெதுவாக. "அதனால மெழுகுக்கு முன்னாடி செக்கிங்கை வைச்சேன். அதுக்குச் சீக்கிரம் மரத்தை உருவச் சொன்னேன். மேல தொட்டுப் பாத்தேன், காஞ்சிருந்துச்சு."

அப்புறம் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கிற தோல். அதில் மூன்று பேர் மாறி மாறிக் கத்தியைச் செருகி உருவினால், உறையின் வாய் அகன்றுகொடுக்கும். ஈரம் இருக்கும் வரை அது கத்தியோடு ஒட்டிக்கொண்டு இறுக்கம் காட்டும். அதற்கு மேல் மெழுகு பூசி ஈரத்தை உள்ளேயே அடைத்து, வெறும் உறையாக நான் பெட்டியில் வைத்து அனுப்புவேன். வழியில் அந்த ஈரம் தையல் ஓட்டை வழியே பெட்டியில் கசிந்து, தோல் மெல்லக் காய்ந்து, வாய் பிளந்த மாதிரியே கெட்டியாகிவிடும். இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே இறுக்கத்தைக் கெடுத்திருக்கிறார்கள்.

மேடம் அந்த இடத்திலேயே, எல்லோர் முன்னாலும், "என் தப்புதான் சார்" என்றாள். படித்தவர்கள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதிகம் கேட்டதில்லை. தரம் பார்க்க ஆள் வைத்தது முதலாளிதான், ஸ்டிக்கர் கலரைத் தேர்ந்தெடுத்ததும் அவர்தான். ஆகவே அதிகம் கத்த முடியவில்லை.

தையல் வெளியே போகவில்லை. மெஷின்காரனுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை மறுநாளே பசை டப்பாவைத் திறந்தான். பித்தளை வளையம் பார்க்க நன்றாக இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னதால் அதை அப்படியே வைத்துக்கொண்டார்கள். அதற்குத் தானே காரணம் என்கிற மாதிரி வீட்டில் நடமாடுகிறான். மரக்கத்தியை உறைக்குள்ளேயே விட்டு முழுசாகக் காயவைத்தார்கள். அதற்குப் பிறகுதான் செக்கிங், அதுவும் ஒருத்தர், ஒரே ஒரு தடவை. மெழுகில் ஒட்டாத ஸ்டிக்கரை ஒரு சின்ன அட்டையில் ஒட்டி, நூலால் உறையோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார்கள்.

இங்கேயே நிறுத்தியிருந்தால் எனக்கும் ஒரு நம்பிக்கை வந்திருக்கும். நிறுத்துவார்களா?

புது உறைகள் முதன்முதலாக லாரி ஏறுகிற நாளில் முற்றத்தில் எல்லோரையும் கூட்டினார் முதலாளி. ஒரு உறையைக் கம்பியில் தலைகீழாகத் தொங்கவிட்டு, கத்தி விழாமல் நிற்பதைக் காட்டினார். கை தட்டினார்கள். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு புதுச் சுருளை எடுத்தார். வெள்ளை ஸ்டிக்கர்.

"இது ஈரம் இல்லைங்கறதுக்கு. இனிமே இதுவும் ஒட்டணும். பெரியவரே, நீங்க அலமாரியில பூட்டி வைக்கலைன்னா இது வெளியவே வந்திருக்காது. நீங்களே ஒட்டுங்க. உங்களுக்கு நாற்காலி போடச் சொல்றேன்."

"நான் எதையும் கண்டுபிடிக்கலை சார்" என்றேன். "லாரிக்காரனைப் பிடிக்கத்தான் பூட்டினேன்."

"எதுக்கோ பூட்டினீங்க. பலன் வந்துச்சுல்ல?"

"ஈரம் இல்லைன்னு எப்படித் தெரியும்?"

"அதான் ஸ்டிக்கர் இருக்கே" என்றார்.

நான் மேடத்தைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பாவம், அவளுக்குப் புரிந்திருந்தது. சொன்னால் கேட்கிற நிலையில் அவர் இல்லை. மகள் என் சட்டைக் கையைப் பிடித்து, "அப்பா, வாங்கிக்கோங்க. உக்காந்து செய்ற வேலை" என்றாள். மாப்பிள்ளை, "மாமா, பசை நான் தர்றேன், ஒட்டலைன்னா" என்றான். அதற்கும் சிரித்தார்கள்.

தொங்கிக்கொண்டிருந்த உறையைக் கிட்டே போய்ப் பார்த்தேன். கத்தி விழவில்லை, நிஜம்தான். உறையோடு கட்டிய அட்டையில், மாதிரிக்கு ஒட்டிய வெள்ளையும் சேர்த்து, நாலு நிறம் வரிசையாக இருந்தன. 'ஈரம் இல்லை' என்று எழுதிய வெள்ளை ஸ்டிக்கரை மட்டும் தலைகீழாக ஒட்டியிருந்தார்கள். யாரும் கவனிக்கவில்லை. உறை தலைகீழாகத் தொங்கியதால் அது நேராகத் தெரிந்தது.

சுருளை வாங்கவில்லை. "கை நடுங்குது சார், கோணலா ஒட்டிரும்" என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தேன். காவலாளி என் அட்டையைப் பார்த்துவிட்டு வழி விட்டான். என் மூஞ்சியைப் பார்க்கவில்லை.

தெருவில் லாரி பின்னால் வந்து மெதுவாயிற்று. அவன் தலையை வெளியே நீட்டினான். சிரிப்பு அதே சிரிப்பு.

"ஏறுங்க பெருசு, வீட்டுல விட்டுர்றேன். நாமதான் இப்ப சிநேகிதம் ஆயிட்டோமே."

பெட்டி நெளிந்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது. உறை தளர்ந்ததற்கும் கிடைத்துவிட்டது. அவன் எதற்குச் சிரிக்கிறான் என்பதற்கு மட்டும் இன்னும் யாரும் காரணம் சொல்லவில்லை.

"நடந்தே போய்க்கறேன்" என்றேன். நடந்தேன்.